ஆன்லைன் மேட்ச் ஆட எந்த ரூட்டர் வாங்கலாம்?

வீட்டில் யாரோ ஒருவர் போனில் எடுத்த வீடியோக்களை கிளவுடில் ஏற்றத் தொடங்குகிறார். அதுவரை 30-ல் நின்ற உங்கள் பிங், அதாவது கேம் சர்வருக்குச் செய்தி போய்வர ஆகும் மில்லி விநாடி, 300-க்குத் தாவுகிறது. நீங்கள் சுட்டது எதிராளி மேல் படவே மாட்டேன் என்கிறது. அவன் சுட்டதோ, நீங்கள் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் வந்து படுகிறது. புது ரூட்டர் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கும். எண்ணத்தில் தப்பில்லை. ஆனால் தேட ஆரம்பித்ததும் எட்டு ஆன்டெனா, வண்ண விளக்கு, பெட்டிமேல் ஐந்து இலக்க எண் என்று கண்ணைப் பறிக்கிற சரக்குதான் முதலில் வந்து நிற்கும். அந்த எண்ணுக்கும் உங்கள் பிங் தாவியதற்கும் ஏறக்குறைய சம்பந்தமே கிடையாது.

பலர் சேர்ந்து ஆடும் கேம்கள் நெட்டை அதிகம் தின்பதில்லை. கேமை டவுன்லோடு செய்வதும் அப்டேட் போடுவதும் வேறு விஷயம். மேட்ச் ஓடும்போது போய்வரும் தரவு பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ்ஸுக்கும் கீழேதான் இருக்கும். அளவு சின்னது, ஆனால் நேரம் தவறக்கூடாது. வேலரண்ட் சர்வர் விநாடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. அதாவது 8 மில்லி விநாடிக்குள் ஒரு முறை. இந்த வகைக் கேம்கள் பெரும்பாலும் யுடிபி முறையில், தொலைந்ததை மறுபடி கேட்காமல், பேசுகின்றன. தாமதமாக வந்த பாக்கெட்டும் (தரவின் ஒரு சின்னத் துண்டு) வராத பாக்கெட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய செய்திக்காகக் காத்திருக்க ஆட்டத்தில் நேரமில்லை.

அதனால் ரூட்டரை எடைபோட மூன்று விஷயம் போதும். பிங் எவ்வளவு, அது எவ்வளவு ஆடுகிறது (ஜிட்டர்), பாக்கெட் தொலைகிறதா. இதில் ஜிட்டரைத்தான் பலர் கண்டுகொள்வதே இல்லை. எப்போதும் 70-ல் நிற்கும் இணைப்பில் கை பழகிவிடும், கேமும் அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளும். 25-க்கும் 110-க்கும் நடுவே துள்ளிக்கொண்டிருக்கும் இணைப்பில் கேமாலும் முடியாது, உங்களாலும் முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. சர்வர் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வரவே 30 மில்லி விநாடி ஆகும், அதுவும் கேபிள் நேர்கோட்டில் போனால். எந்த ரூட்டரும் இந்தத் தூரத்தைச் சுருக்காது. ரூட்டர் குறைக்க முடிந்தது வீட்டுக்குள்ளும் வீட்டு வாசலிலும் விழும் தாமதத்தை மட்டும்தான்.

வாங்கும் முன் ஒரு சோதனை

கணினியை லேன் கேபிளால் ரூட்டரோடு நேராக இணையுங்கள். விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்ட், மேக் என்றால் டெர்மினல். இரண்டு ஜன்னல் திறந்து இரண்டு பிங் ஓட விடுங்கள். ஒன்று ரூட்டரின் சொந்த முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. மற்றொன்று வெளியே, 1.1.1.1 அல்லது 8.8.8.8-க்கு. ஐந்து நிமிடம் சும்மா ஓடட்டும். அப்புறம் இன்னொரு கருவியிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை அப்லோடு செய்யுங்கள், அது முடிந்ததும் ஒரு டவுன்லோடு. கடைசியாகக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, நீங்கள் வழக்கமாக ஆடும் இடத்தில் உட்கார்ந்து வைஃபையில் இதையே இன்னொரு முறை.

ரூட்டருக்கான பிங் கேபிளில் 1 மில்லி விநாடிக்கும் கீழே, வைஃபையில் 3, 5, 80, 4, 140 என்று குதிக்கிறதா? கோளாறு வைஃபையில். கேபிளில் ரூட்டர் பிங் அசையவில்லை, ஆனால் அப்லோடு தொடங்கியதும் வெளிப் பிங் மட்டும் 200, 400 என்று ஏறுகிறதா? அது வெளியே போகக் காத்திருக்கும் பாக்கெட்டுகளின் வரிசை நெரிசல், பஃபர்ப்ளோட் என்பார்கள். யாரும் எதையும் ஏற்றவில்லை, இறக்கவில்லை, கேபிளில்தான் இருக்கிறீர்கள், ஆனாலும் வெளிப் பிங் தாவுகிறதா? அப்படியானால் பிரச்சினை மோடமில் (வெளியிலிருந்து வரும் லைனை ரூட்டரோடு இணைக்கும் பெட்டி), அல்லது உங்கள் வீட்டுக்கு வெளியே. எவ்வளவு கொட்டி ரூட்டர் வாங்கினாலும் அது தீராது. மோடமே காரணமாக இருப்பது கற்பனை இல்லை. இன்டெல் பூமா 6 சிப் வைத்த கேபிள் மோடம்களில் தாமதம் திடீர் திடீரென எகிறுவது 2016-ல் வெளிச்சத்துக்கு வந்து, அமெரிக்காவில் வழக்கு வரை போனது.

கட்டளை அடிக்கப் பிடிக்காதவர்கள் கிளவுட்ஃபிளேரின் வேகச் சோதனையையோ நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் தளத்தையோ திறக்கலாம். இரண்டுமே லைன் சும்மா இருக்கும்போது தாமதம் எவ்வளவு, நிரம்பி வழியும்போது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். பெரிதாகத் தெரியும் எம்பிபிஎஸ் எண்ணை விட்டுவிட்டு அந்த இரண்டாவது தாமதத்தைப் பாருங்கள். இந்தச் சோதனையில் என்ன வந்தது என்பதைப் பொறுத்துத்தான் கீழே சொல்லும் ஐந்து வழிகளில் எது உங்களுக்கு என்பது முடிவாகும்.

இருக்கிற பெட்டி, ஒரு கேபிள்

நெட் நிறுவனம் கொடுத்த பெட்டியை எல்லோரும் திட்டுவது வழக்கம். பல சமயம் அது நியாயம்தான். ஆனால் கோளாறு வைஃபையில் மட்டும் என்று சோதனை சொன்னால், முதலில் வாங்க வேண்டியது ரூட்டர் அல்ல, லேன் கேபிள். கேட்-5இ வகைக் கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் வேகத்தைத் தாங்கும். விலையுயர்ந்த வைஃபை 7 ரூட்டரை விட, சுவரோரமாக ஓட்டி ஆணி அடித்த ஒரு கேபிள் உங்கள் ஜிட்டரை நன்றாகக் குறைக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காரணம் வைஃபையின் பிறவிக் குணம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நீங்கள், உங்கள் வீட்டு டிவி, பக்கத்து வீட்டு லேப்டாப் எல்லாம் அதே சேனலில் இருந்தால், காற்று அமைதியாகும் வரை ஒருவருக்கொருவர் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று விழாத சேனல்கள் மூன்றே மூன்று, அவை 1, 6, 11. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அந்தப் பக்கமே நடமாடுகின்றன. அதில் மேட்ச் ஆடுவது வீண் வேலை. 5 கிகாஹெர்ட்ஸ் பரவாயில்லை, குறிப்பாக ரூட்டர் இருக்கும் அறையிலேயே ஆடினால். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸின் நடுப்பகுதிச் சேனல்களை வானிலை ராடார் போன்றவையும் பயன்படுத்துகின்றன. ராடார் அலை கேட்ட மாதிரித் தெரிந்தால் ரூட்டர் அந்தச் சேனலை உடனே விட்டுவிட வேண்டும், அது விதி. மேட்ச் நடுவில் எப்போதோ ஒருமுறை வைஃபை சில விநாடி செத்துப் பிழைத்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். சேனலைத் தானியங்கி முறையில் விடாமல் 36 முதல் 48-க்குள் ஒன்றில் நிறுத்திப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம்.

கேபிள் இழுக்க வழியே இல்லாத வீடுகள் உண்டு. சுவருக்குள் டிவிக்கான கோஆக்சியல் கேபிள் போயிருந்தால் அதிலேயே நெட்டை அனுப்பும் மோக்கா அடாப்டர் ஒரு ஜோடி போடலாம். சில மில்லி விநாடி கூடும், ஆனால் சீராக இருக்கும். மின்கம்பி வழியாகத் தரவு அனுப்பும் பவர்லைன் அடாப்டரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் அருமையாக ஓடும். இன்னொரு வீட்டில் மிக்சி போட்டால் படுத்துவிடும்.

சாதாரண நல்ல ரூட்டர்

கேமிங் என்ற அடையாளம் எதுவும் இல்லாத, நடுத்தர விலை வைஃபை 6 ரூட்டர்கள். பெட்டிமேல் ஏஎக்ஸ்3000 என்று போட்டிருக்கும். அந்த 3000 எப்படி வருகிறது தெரியுமா? 2.4 கிகாஹெர்ட்ஸில் 574 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 2402 எம்பிபிஎஸ். இரண்டையும் கூட்டி, மேலே கொஞ்சம் முழுமையாக்கிவிடுகிறார்கள். உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு பட்டையில்தான் இணைந்திருக்கும். அதுவும் ஏட்டு வேகத்தில் பாதி கிடைத்தாலே பெரிது. ஏஎக்ஸ்11000 என்பதும் இதே கூட்டல்தான், மூன்று ரேடியோக்களைச் சேர்த்தது. ஆகவே 3000-க்கும் 11000-க்கும் நடுவே உங்கள் பிங் எங்கும் கிடையாது.

வைஃபை 6-க்கு மாறுவதில் உண்மையான பலன் ஒன்று உண்டு. ஒரே சேனலைத் துண்டு போட்டுப் பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் கொடுக்கும் ஓஎஃப்டிஎம்ஏ முறை இதில் வந்தது. சின்னப் பாக்கெட்டுகள் நிறைய ஓடும் நெரிசலான வீட்டில் இது உதவும். ஆனால் எதிர்முனையும் வைஃபை 6 பேச வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸில் இருப்பது வைஃபை 5. பிளேஸ்டேஷன் 5-ல் வைஃபை 6. 6 கிகாஹெர்ட்ஸ் பட்டை வைஃபை 6இ-யோடு வந்தது. அங்கே பழைய கருவிகளின் கூட்டமே இல்லை, அதனால் காற்று சுத்தம். ஆனால் சுவர் தாண்டினால் சிக்னல் சட்டென்று விழும். வைஃபை 7-க்கான சான்றிதழ் 2024 ஜனவரியில்தான் தொடங்கியது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டைகளில் இணைந்திருக்கும் எம்எல்ஓ வசதிதான் அதில் கேமர்களுக்கு ஆசை காட்டும் அம்சம். அதை முழுசாகப் பயன்படுத்தும் கருவி உங்களிடம் இல்லாவிட்டால் அவசரப்பட வேண்டாம்.

பழைய ரூட்டர், வைஃபை 5-க்கும் முந்தையது, வீட்டில் இருபது கருவிகள் என்றால் இந்த இரண்டாவது வழி போதும். பஃபர்ப்ளோட் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது போதாது. வைஃபை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நெரிசல் வாசலில்தான் விழுகிறது.

கேமிங் ரூட்டர்

ஆசஸின் ஆர்ஓஜி ராப்ச்சர், நெட்கியரின் நைட்ஹாக் வரிசையில் எக்ஸ்ஆர் மாடல்கள், டிபி-லிங்கின் ஆர்ச்சர் ஜிஎக்ஸ், ஜிஇ மாடல்கள் இந்த வகை. இவற்றை வெறும் விளக்கு அலங்காரம் என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. பொதுவாக உள்ளே இருக்கும் ப்ராசஸர் வலுவானது, ரேம் தாராளம், 2.5 ஜிபிபிஎஸ் போர்ட்கள் இருக்கும். வீடு நிறையக் கருவிகள் இருந்தாலும் திணறாது. அந்த வன்பொருளுக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. கேமிங் என்ற பெயருக்குக் கொடுக்கும் காசைத்தான் யோசிக்க வேண்டும்.

அந்தப் பெயரின் கீழ் என்னென்ன வருகின்றன என்று பார்ப்போம். கேமிங் போர்ட் என்பது முன்னுரிமை கொடுக்கப்பட்ட ஒரு லேன் போர்ட், அவ்வளவுதான். உங்கள் கன்சோலின் லேன் போர்ட்டே 1 ஜிபிபிஎஸ் என்றால் ரூட்டரின் 2.5 ஜிபிபிஎஸ் போர்ட் அதற்குப் பயன்படாது. டபிள்யூடிஃபாஸ்ட் போன்ற சேவைகள் உங்கள் கேம் தரவைத் தங்கள் சொந்தப் பாதையில் அனுப்புகின்றன. உங்கள் நெட் நிறுவனம் சர்வருக்குச் சுற்றுவழியில் போகிறது என்றால் இதில் பிங் குறையலாம். நேர்வழியில் போகிறது என்றால் ஒன்றும் மாறாது, சில சமயம் கூடவும் செய்யும். இதைச் சோதிக்க ரூட்டர் தேவையில்லை, கணினியிலேயே செயலியாகப் போட்டுப் பார்க்கலாம்.

ஜியோ ஃபில்டர் கொஞ்சம் சுவாரசியமானது. நெட்டூமா உருவாக்கிய டூமாஓஎஸ் மூலம் நெட்கியரின் எக்ஸ்ஆர்500 போன்ற ரூட்டர்களில் இது பிரபலமானது. வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டால், அதற்கு வெளியே உள்ள சர்வர்களோடும் ஆட்டக்காரர்களோடும் இணைவதை ரூட்டர் தடுக்கும். தூரத்து சர்வரில் கொண்டுபோய்த் தள்ளும் கேம்களில் இது உண்மையிலேயே வேலை செய்யும். மேட்ச் கிடைக்க நேரம் அதிகமாகும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. சர்வர் பகுதியைக் கேமிலேயே தேர்ந்தெடுக்க முடியும் என்றால் இந்த வசதிக்கென்று தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை.

எந்தத் தரவு முதலில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கியூஓஎஸ்தான் முக்கியமான வாக்குறுதி. "கேம் டிராஃபிக்குக்கு முதலிடம்" என்பார்கள். முதலிடம் கொடுப்பது வரிசை ரூட்டருக்குள் இருந்தால்தானே பலிக்கும்? ரூட்டரிலிருந்து மோடத்துக்கு 1 ஜிபிபிஎஸ்ஸில் தரவு பாய்கிறது. மோடத்திலிருந்து வெளியே போவது 20 எம்பிபிஎஸ்தான். அப்போது வரிசை சேர்வது மோடத்தில், உங்கள் ரூட்டரின் கைக்கு எட்டாத இடத்தில். ரூட்டரிடம் லைனின் உண்மையான வேகத்தைச் சொல்லி, அதற்குக் கொஞ்சம் கீழே கட்டுப்படுத்தச் சொல்லாத வரை, முதலிடம் என்பது பட்டனில் மட்டும்தான் இருக்கும். கேமிங் ரூட்டர் வாங்கி, கியூஓஎஸ்ஸை ஆன் செய்து, ஒன்றும் மாறவில்லை என்று புலம்புபவர்களில் பலர் அந்த வேகப் பெட்டிக்குள் எண்ணே போட்டிருக்க மாட்டார்கள். அல்லது வேகச் சோதனையில் வந்த உச்ச எண்ணைப் போட்டிருப்பார்கள்.

வரிசையைச் சரிசெய்யும் ரூட்டர்

என் காசு இந்த நான்காவது வழிக்குத்தான் போகும். அதனால் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

கணக்கு எளிது. மோடத்தில் 1 மெகாபைட் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) இருக்கிறது, அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். வீடியோ ஏற்றுபவர் அந்த பஃபரை நிரப்பிவிட்டால், அது காலியாக 0.8 விநாடி ஆகும். உங்கள் கேம் பாக்கெட் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. 800 மில்லி விநாடி கழித்துத்தான் வீட்டை விட்டே கிளம்பும். அதே பஃபர், அப்லோடு 100 எம்பிபிஎஸ் என்றால் 80 மில்லி விநாடி. 1 ஜிபிபிஎஸ் என்றால் 8. மெதுவான அப்லோடு உள்ள லைனில் ஒரே ஆள் வீடே லேகாகும்படி செய்ய முடிவது இதனால்தான்.

இந்தக் கோளாறை நிரலாளர் ஜிம் கெட்டிஸ் 2010-ல் தன் வீட்டு இணைப்பில் நோண்டிக் கண்டுபிடித்து உலகத்துக்கு உரக்கச் சொன்னார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற வழிமுறையை வெளியிட்டார்கள். வரிசையில் எத்தனை பாக்கெட் நிற்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று பார்த்து, அதிக நேரம் நிற்கத் தொடங்கினால் சிலவற்றைக் கழித்துவிடும். அனுப்புகிற பக்கம் குறிப்பறிந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை போட்டு மாற்றி மாற்றி விடும் எஃப்கியூ-கோடெல் அடுத்து வந்தது. கடையில் வண்டி நிறையச் சாமானோடு நிற்பவருக்குப் பின்னால் ஒற்றைத் தீப்பெட்டியோடு நிற்பவரை முதலில் அனுப்பிவிடுவது போலத்தான். கேம் பாக்கெட் தீப்பெட்டிக்காரர். எந்தக் கேம் என்று ரூட்டருக்குத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. பிறகு கேக் என்ற இன்னும் முழுமையான முறை 2018-ல் லினக்ஸ் 4.19 கெர்னலோடு சேர்ந்தது. ஒரே ஆள் நூறு இணைப்பு திறந்தாலும் வீட்டிலுள்ள கருவிகளுக்கு இடையே சமமாகப் பங்கிடவும் அதற்குத் தெரியும். டோரன்ட் ஓடும் வீட்டில் இதன் அருமை புரியும்.

இந்த வசதியை எஸ்கியூஎம் அல்லது ஸ்மார்ட் கியூ என்ற பெயரில் தேடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல மென்பொருள் ஓடும் ரூட்டர்களில் போட்டுக்கொள்ளலாம். ஜிஎல்-ஐநெட்டின் ஃப்ளின்ட் 2 அந்த அடிப்படையிலேயே வருகிறது. நான்கு கோர் ப்ராசஸர், 1 ஜிபி ரேம், இரண்டு 2.5 ஜிபிபிஎஸ் போர்ட். ஓப்பன்டபிள்யூஆர்டி குழுவே 2024 கடைசியில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்று சொந்தமாக ஒரு ரூட்டரைக் கொண்டுவந்தது. மைக்ரோடிக்கின் ரூட்டர்ஓஎஸ் 7-ல் கேக் இருக்கிறது, ஆனால் அதன் செட்டிங் பக்கம் நெட்வொர்க் தொழில் செய்பவர்களுக்கென்றே எழுதிய மாதிரி இருக்கும். யூபிக்விட்டியின் யூனிஃபை பெட்டிகளில் ஸ்மார்ட் கியூ என்று ஒரு பட்டன். அமேசானின் ஈரோவில் வீடியோ அழைப்புக்கும் கேமுக்கும் ஏற்றபடி மாற்று என்று ஒரே ஒரு சுவிட்ச்; நோண்டப் பிடிக்காதவர்களுக்கு அதுதான் எளிது. சில ஆசஸ் மாடல்களில் மெர்லின் ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள் ஓடும் மென்பொருள்) போட்டாலும் கேக் கிடைக்கும்.

செட் செய்வது ஐந்து நிமிட வேலை. நெரிசல் நேரத்தில், மாலையில், சில முறை வேகத்தை அளந்து, வந்ததில் குறைந்த எண்ணை எடுங்கள். அதில் 85 முதல் 95 சதவீதத்தை டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். பிங் சோதனையை மறுபடி ஓட்டி, லைன் நிரம்பும்போது ஏறும் தாமதம் 10, 15 மில்லி விநாடிக்குள் நிற்கும் வரை எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஆமாம், வேகத்தில் ஒரு பங்கை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறீர்கள். வேகச் சோதனையில் எண் குறையும், வீட்டில் யாராவது கேள்வி கேட்பார்கள். மேட்ச் ஆடுபவருக்கு இது லாபமான பேரம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். சாதாரணமாக ரூட்டர்கள் பாக்கெட்டுகளைத் தனி வன்பொருள் வழியாக ப்ராசஸரைத் தொடாமலே தாண்டவிடுகின்றன. எஸ்கியூஎம் போட்டால் பெரும்பாலான ரூட்டர்களில் ஒவ்வொரு பாக்கெட்டும் ப்ராசஸரைத் தொட்டுத்தான் போக வேண்டும். எஸ்கியூஎம் இல்லாமல் 1 ஜிபிபிஎஸ் கொடுத்த மலிவான ரூட்டர் இதைப் போட்டதும் சில நூறு எம்பிபிஎஸ்ஸிலேயே மூச்சுவாங்கும். வாங்கும் முன் வைஃபை வேகத்தைப் பார்க்காமல், எஸ்கியூஎம் ஓடும்போது எவ்வளவு தாங்கும் என்று அந்த மாடலைப் பயன்படுத்துபவர்களிடம் கேளுங்கள். அடுத்தது, வேகம் மணிக்கு மணி மாறும் லைன்கள். 4ஜி, 5ஜி சிம் போட்ட வீட்டு இணைப்பில் நிலையான ஒரு எண்ணைப் போட முடியாது; போட்டாலும் வேகம் அதற்குக் கீழே விழும்போது வரிசை மறுபடி வெளியே போய்விடும். வேகத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணை மாற்றும் கேக்-ஆட்டோரேட் என்ற நிரல் ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு உண்டு. போட்டு நிமிர்த்துவதற்குள் பொறுமை போகும், ஆனாலும் அந்த மாதிரி லைனுக்கு அதுதான் உருப்படியான வழி.

ஏறவும் இறங்கவும் ஒரே மாதிரி 500 எம்பிபிஎஸ், 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வைத்தியமே தேவைப்படாமல் போகலாம். லைனை நிரப்பவே ஆள் வேண்டும், நிரம்பினாலும் வரிசை சில மில்லி விநாடியில் கரைந்துவிடும். சோதனையில் தாமதம் ஏறவில்லை என்றால் இந்த வழியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மெஷ்

வீடெங்கும் பல பெட்டிகளை (நோடுகள்) வைத்து ஒரே வைஃபையாகப் பரப்பும் மெஷ் வாங்குவதற்குக் காரணம் வீட்டின் பரப்பு, கேம் அல்ல. மூன்று மாடி, தடித்த சுவர், ஒரு ரூட்டர் எட்டவில்லை என்றால் மெஷ் நல்லது. ஆனால் உங்கள் பாக்கெட் ஒரு நோடிலிருந்து அடுத்த நோடுக்குக் காற்றிலேயே தாவினால், ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் தாமதமும் நிறைய ஜிட்டரும் சேரும். நோடுகளை ஒன்றோடொன்று கேபிளால் இணைத்தால் இந்தக் குறை பறந்துவிடும். அது முடியாவிட்டால் நோடுகளுக்கிடையே பேச மட்டும் தனி ரேடியோ உள்ள மூன்று பட்டை மாடலைப் பாருங்கள். கன்சோலை அருகிலுள்ள நோடில் கேபிளால் செருகினால் கன்சோலின் வைஃபை பிரச்சினை தீரும். நோடுக்கும் ரூட்டருக்கும் நடுவே இருக்கும் காற்று அப்படியேதான் இருக்கும்.

நேட் வகையும் உழைக்கும் காலமும்

பிங் நன்றாக இருந்தும் நண்பர்களோடு சேர முடியவில்லை, குரல் கேட்கவில்லை என்றால் நேட்டைப் பாருங்கள், அதாவது வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே பொது முகவரியில் வெளியே போக ரூட்டர் செய்யும் முகவரி மாற்றத்தை. எக்ஸ்பாக்ஸ் அதை ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் என்று காட்டும். பிளேஸ்டேஷன் 1, 2, 3 என்று காட்டும். கேம் கேட்கும் வழியைத் தானாகத் திறந்துவிடும் யுபிஎன்பி வசதி ஒழுங்காக ஓடும் ரூட்டரில் இது தானாகவே சரியாகிவிடும். அடிக்கடி நடக்கும் கூத்து, நெட் நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் புது ரூட்டரைச் செருகி, இரண்டும் ரூட்டராகவே வேலை செய்வது. அப்போது நேட் இரட்டிப்பாகும்.

ரூட்டரின் செட்டிங் பக்கத்தில் வேன் (WAN) முகவரி, அதாவது வெளிப்பக்க முகவரி, 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்கள் சிஜி-நேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்று அர்த்தம். இதை எந்த ரூட்டரும், எந்தக் கேமிங் பட்டனும் திறக்காது. நெட் நிறுவனத்திடம் பொது முகவரி கேளுங்கள்.

நம்பகம் என்றால் என்னைப் பொறுத்தவரை மாதக்கணக்கில் ரீபூட் கேட்காமல் ஓடுவது, அப்புறம் வருடக்கணக்கில் ஃபர்ம்வேர் அப்டேட் வருவது. இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. 2018-ல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5,00,000 ரூட்டர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் புகுந்திருந்ததாக சிஸ்கோவின் டாலோஸ் குழு அறிவித்தது; வீட்டு ரூட்டர்களை ரீபூட் செய்யுங்கள் என்று எஃப்பிஐயே சொல்ல வேண்டி வந்தது. ஆகவே ஒரு மாடலைக் குறிவைத்ததும் அதன் சப்போர்ட் பக்கத்தைத் திறந்து கடைசி ஃபர்ம்வேர் எந்த மாதம் வந்தது என்று பாருங்கள். ஒரு வருடமாக எதுவும் வரவில்லை என்றால் எவ்வளவு தள்ளுபடி இருந்தாலும் விட்டுவிடலாம். ஓப்பன்டபிள்யூஆர்டி ஆதரவுள்ள ரூட்டருக்கு இங்கே கூடுதல் ஆயுள். நிறுவனம் கைவிட்ட பிறகும் பெரும்பாலும் அப்டேட் வந்துகொண்டிருக்கும். வாங்கிய பிறகு அதை டிவிக்குப் பின்னாலோ மூடிய அலமாரியிலோ வைக்காதீர்கள். சூடு ஏறினால் எந்த ரூட்டரும் தள்ளாடும்.

எனவே, கோளாறு வைஃபையில் மட்டும், கேபிள் இழுக்க முடியும் என்றால் கேபிள். இழுக்க முடியாது, ரூட்டரும் கிழடு என்றால் நடுத்தர வைஃபை 6 ரூட்டர். அப்லோடு மெதுவான லைன், வீட்டில் பலர் என்றால் யோசிக்காமல் எஸ்கியூஎம். கொஞ்சம் நோண்டத் தயார் என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டி ரூட்டர், இல்லையென்றால் ஈரோ மாதிரி ஒரே சுவிட்ச் உள்ளது. கேமிங் ரூட்டரை, அதன் வன்பொருள் உங்களுக்கு வேறு காரணத்துக்கும் தேவைப்பட்டால், அல்லது ஜியோ ஃபில்டர் உங்கள் கேமுக்கு உதவும் என்று தெரிந்தால் மட்டும் பாருங்கள்.

புது ரூட்டர் வந்ததும் பழைய பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டுவிட்டு மோடமாக மட்டும் ஓடும் நிலை) மாற்றுங்கள், அதன் வைஃபையை அணைத்துவிடுங்கள். பிரிட்ஜ் மோடு இல்லாத பெட்டி என்றால் வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கருவிக்குத் தள்ளிவிடும் டிஎம்இசட் செட்டிங்கில் புது ரூட்டரின் முகவரியைக் கொடுத்தால் பெரும்பாலும் ஒப்பேற்றிவிடலாம். பிறகு அதே இரண்டு பிங், அதே அப்லோடு, அதே இடம். எண்கள் மாறவில்லை என்றால், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் பெட்டியைக் கட்டிக் கடைக்கே அனுப்பிவிடுங்கள்.